அரபியின் கூடாரத்தில் படுத்திருந்த நாய்

சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் அஸர் தொழுதுவிட்டு வழமையான தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். 14 வருடம் வளைகுடாவில் சாரதியாக இருந்துவிட்டு வந்த நானா ஒருவர் அங்கே கதை சொல்லிக்கொண்டிருந்தார். குளிர்காலம் வந்தால் அவருடைய முதலாளி குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவாராம். அந்தக் கூடாரத்துக்குள்ளே, விரித்த கம்பளத்தின் ஓரமாக, மெலிந்த நாய் ஒன்று படுத்திருக்குமாம். அதை யாரும் துரத்துவதில்லையாம். முதலாளி தன் கையாலேயே அதற்குப் பேரீச்சம்பழம் கொடுப்பாராம்.

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அரபி ஊட்டுல நாயா? சும்மா கத உடாதீங்க நானா" என்றார் ஒருவர். நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் திரும்பி, "சேர், நீங்க செல்லுங்க. அப்பிடி ஒரு சாதி நாய் ஈக்குதா இல்லயா?" என்று கேட்டார்.

இருக்கிறது. அதன் பெயர் ஸலூகி. அன்று அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடிந்தது. தேடிப் பார்த்து எழுதுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் கையிலேயே இருக்கும் ஒரு சொல்லில் இருந்து தொடங்குவோம். அல்குர்ஆனின் 5 ஆவது அத்தியாயமான ஸூரா அல்மாயிதாவின் 4 ஆவது வசனம் வேட்டையைப் பற்றியது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று அது அனுமதிக்கிறது. அப்படிப் பயிற்றுவிப்பவர்களைக் குறிக்க அங்கே வருகின்ற சொல் 'முகல்லிபீன்'. 'கல்ப்' என்றால் நாய். அதே வேரில் இருந்து பிறந்த சொல்தான் இது. நாயை வேட்டைக்குப் பழக்குபவர் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. பைரி, ராஜாளி போன்ற பறவைகளும் இந்த அனுமதிக்குள் அடங்கும் என்று விரிவுரையாளர்கள் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆனாலும் பழக்குகின்ற வேலைக்கே பெயர் நாயிலிருந்துதான் வந்திருக்கிறது. ஓதும்போது எத்தனையோ முறை இதைக் கடந்து போயிருக்கிறோம். நின்று யோசித்ததில்லை.

இந்த வசனம் இறங்கிய பின்னணியாக தஃப்ஸீர் நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. தய்யி கோத்திரத்தைச் சேர்ந்த இருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, "நாங்கள் நாய்களைக் கொண்டு வேட்டையாடும் மக்கள், எங்களுக்கு எது ஹலால்?" என்ற கருத்தில் கேட்டார்களாம். ஒருவர் ஸைத் அல்கைல். மற்றவர் அதீ பின் ஹாதிம் (ரழி), கொடைக்குப் பேர்போன ஹாதிம் தாயீயின் மகன். இவர்களுடைய நிலம் வடக்கு அரேபியாவில், இன்றைய ஹாயில் நகரத்தைச் சூழ்ந்த மலைப் பகுதி. விவசாயம் குறைந்த பூமி. இறைச்சி வேண்டுமென்றால் மந்தையில் ஒன்றை அறுக்க வேண்டும், அல்லது வேட்டையாட வேண்டும். மந்தையை அறுத்தால் முதலே போய்விடும். ஆகவே அவர்கள் கேட்டது சாப்பாட்டுப் பிரச்சினை.

அதீ (ரழி) அவர்களுக்குக் கிடைத்த பதில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அதன் கருத்தைச் சொல்கிறோம். பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் சொல்லி ஏவிவிட்டால் அது பிடித்ததைச் சாப்பிடலாம். அந்த நாயே அதில் இருந்து தின்றுவிட்டால் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் அது தனக்காகப் பிடித்திருக்கிறது. வேறொரு நாய் இடையில் சேர்ந்துகொண்டாலும் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் பெயர் சொன்னது உங்கள் நாயின் மீது மட்டும்தான். உயிரோடு கிடைத்தால் அறுக்க வேண்டும்.

ஓர் ஆசிரியராக இதை வாசிக்கும்போது எங்களுக்கு வியப்பாக இருந்தது. பசித்த நாய், வாயில் இறைச்சி, எஜமான் இன்னும் ஒரு மைல் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். அது தின்னாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பை விட்டுவிட்டு நாம் அதிபர் காரியாலயத்துக்குப் போய் வரும் ஐந்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பிராணி கற்றிருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அது பிடித்த இறைச்சி ஹலாலா இல்லையா என்று தீர்மானிக்கப்படுகிறது.

ஸலூகி என்ற சொல் இந்த ஹதீஸில் இல்லை. அதீ (ரழி) அவர்களின் நாய் எந்த இனம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த நிபந்தனைகளின் கீழ் நூற்றாண்டுக் கணக்காக வேலை செய்த நாய் எது என்று அரபுலகில் கேட்டால், முதலில் வரும் பெயர் ஸலூகிதான்.

பெயர் எங்கிருந்து வந்தது? பழைய அரபு அகராதிக்காரர்கள் யமனில் ஸலூக் என்று ஓர் ஊர் இருந்ததாகவும், நல்ல வேட்டை நாய்களும் நல்ல போர்க் கவசங்களும் அந்த ஊரின் பெயரால் அழைக்கப்பட்டதாகவும் சொல்கிறார்கள். கிரேக்கர் ஆண்ட காலத்து ஸெலூஸியா நகரத்தில் இருந்து வந்த பெயர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. பாரசீகத்தில் இதே வகை நாய்க்குப் பெயர் 'தாஸீ'. பழைய பாரசீகத்தில் தாஸீ என்றால் 'அரபி' என்று அர்த்தம். எங்கிருந்து வந்தது என்று ஈரானியர் நினைத்தார்கள் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. துருக்கியிலும் மத்திய ஆசியாவிலும் அதே பெயர்தான் சற்றுத் திரிந்து வழங்குகிறது.

உலகிலேயே மிகப் பழைய நாய் இனம் இதுதான், பிர்அவ்னின் காலத்தில் இருந்தே இருக்கிறது என்று இணையத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் ஒல்லியான வேட்டை நாய்கள் வரையப்பட்டிருப்பது உண்மை. ஆனால் சித்திரத்தில் ஒரே சாயல் இருப்பதை வைத்து வம்சத்தை நிரூபிக்க முடியாது. 2004 ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று ஓநாய்க்கு நெருக்கமான சில இனங்களுக்குள் ஸலூகியையும் சேர்த்தது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2012 இல் வந்த இன்னோர் ஆய்வு அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தது. 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாய் இனங்களைக் கலந்து புதிது புதிதாக உருவாக்கியபோது அந்தக் கலப்பு சென்று சேராத இனங்களே இன்று தனித்துத் தெரிகின்றன, தனித்துத் தெரிவதால் மட்டும் ஓர் இனம் பழையது ஆகிவிடாது என்பது அதன் வாதம். எங்களுக்கு இரண்டாவது வாதம்தான் சரியாகப் படுகிறது. ஓர் உயிருக்கு மரியாதை கொடுக்க 5000 வருட வம்சாவளி தேவையில்லையே.

இனி உடம்புக்கு வருவோம். நானா சொன்ன 'மெலிந்த நாய்' என்பது மிகச் சரியான வர்ணனை. முதன்முதலில் பார்ப்பவருக்கு இது பட்டினி கிடக்கும் பிராணி என்றே தோன்றும். விலா எலும்பு தெரியும், இடுப்பெலும்பின் முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும், வயிறு ஒட்டி மேலே ஏறியிருக்கும். ஆண் நாய் தோள் வரை 58 முதல் 71 சென்றிமீற்றர் உயரம், அதாவது 23 முதல் 28 அங்குலம். பெண் நாய் அதைவிடச் சிறியது. ஆனால் எடையோ ஏறக்குறைய 18 முதல் 27 கிலோதான். அந்த உயரத்துக்கு இது மிகவும் குறைவு. ஓடுவதற்குத் தேவையில்லாத எதையும் இந்த உடம்பு சுமப்பதில்லை.

நெஞ்சுக் கூட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஆழமாக இறங்கியிருக்கும், முன்னால் இருந்து பார்த்தால் ஒடுக்கமாக இருக்கும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடம் வேண்டும், அதே நேரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போக உடம்பு ஒடுங்கவும் வேண்டும். முதுகு வில் மாதிரி வளைந்து நிமிரும். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்குள் இரண்டு தடவை நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும்பிவிடும். கால்கள் உடம்புக்குக் கீழே மடங்கிச் சேரும்போது ஒரு தடவை, முன்னும் பின்னும் நீண்டு விரியும்போது இன்னொரு தடவை. 1996 இல் ஒரு ஸலூகி மணிக்கு 68.8 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியதாக கின்னஸ் பதிவு இருக்கிறது. குறுந்தூரத்தில் கிரேஹவுண்ட் இதை முந்திவிடும். மைல் கணக்கில் ஓட வேண்டும் என்று வந்தால் கதை மாறும்.

பாதம்தான் எங்களை மிகவும் கவர்ந்தது. பூனையின் பாதம் போல உருண்டு திரண்டிருக்காது, நீண்டிருக்கும். நடுவில் உள்ள இரண்டு விரல்களும் ஓரத்து விரல்களை விட நன்றாக நீளம். விரல்களுக்கு இடையில் மயிர் வளர்ந்திருக்கும். சூடான மணலும் கூர்மையான கல்லும் மாறி மாறி வரும் தரையில் அந்த மயிர் ஒரு மெத்தை மாதிரி. இதற்கு மேலாக, பாலைவன மக்கள் நாயின் பாதத்துக்கு மருதோன்றி இடுவதும் உண்டு. நம் வீடுகளில் பெருநாள் இரவில் பிள்ளைகளின் கைக்கு இடும் அதே மருதோன்றிதான். அங்கே அது தோலை இறுக்கிப் பாதுகாக்கும் மருந்து.

தலை நீண்டு ஒடுங்கியது. கழுத்தும் நீளம், ஓடிக்கொண்டே குனிந்து இரையைக் கவ்வ வேண்டுமே. காதுகள் தொங்கும், பட்டுப் போன்ற நீண்ட மயிர் அவற்றில் இருக்கும். ஆனால் எல்லா ஸலூகியும் அப்படி இல்லை. காதிலும் வாலிலும் காலின் பின்புறத்திலும் குஞ்சம் போல மயிர் தொங்கும் வகை ஒன்று, உடம்பு முழுக்க மயிர் குட்டையாக வழுவழுப்பாக இருக்கும் வகை இன்னொன்று. நிறத்துக்கு அளவில்லை. வெள்ளை, மணல் நிறம், பொன்னிறம், சிவப்பு, கறுப்பும் பழுப்பும் கலந்தது என்று போகும். கண்கள் பெரியவை, முட்டை வடிவம். இந்த நாய்க்கு மூக்கை விடக் கண்தான் முதல் ஆயுதம். மோப்பம் பிடித்து மெல்ல மெல்லப் போகும் நாய் அல்ல இது. தொலைவில் ஏதோ அசைவதைக் கண்டு, கண்ட கணத்தில் பாய்ந்து ஓடும். மரமில்லாத பூமிக்கு இதுதான் தோது. ஓடத் தொடங்கிவிட்டால் கூப்பிட்டாலும் காதில் விழாது என்று வளர்ப்பவர்கள் குறைப்படுவார்கள். வீட்டுக் காவலுக்கும் இது அவ்வளவு உதவாது. அந்நியரைக் கண்டால் குரைத்துப் பாய்வதை விட, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்குகின்ற சுபாவம்.

குட்டியைப் பழக்கும்போது முதலில் யர்பூஃ எனும் துள்ளி ஓடும் பாலைவன எலியைத் துரத்த விடுவார்கள். பிறகு முயல். கடைசியில்தான் கஸால் எனும் சிறுமான். வேட்டைக்குப் போகும் வழியில் நாய் களைத்துவிடக் கூடாது, பாதம் சுடக் கூடாது என்று ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. பைரியையும் சேர்த்துக்கொண்டால் வேட்டை இன்னும் சுலபம். பறவை மேலே இருந்து மானின் தலையைச் சுற்றிச் சுற்றித் தாக்கும். மான் தடுமாறி வேகம் குறையும். அதற்குள் நாய் வந்து பிடித்துவிடும். பின்னால் குதிரையிலோ ஒட்டகத்திலோ வருபவர் வந்து சேரும் வரைக்கும் அது விடவும் கூடாது, தின்னவும் கூடாது. அவர் வந்து பிஸ்மில்லாஹ் சொல்லி அறுப்பார். அன்று இரவு அந்தக் கூடாரத்தில் சட்டி அடுப்பில் ஏறுவது இந்த நாயின் உழைப்பால். நானா கண்ட கம்பள ஓரத்து இடம் சும்மா கிடைத்ததல்ல. கோத்திரத்தார் பலர் ஸலூகியை 'கல்ப்' என்று சொல்லவே மாட்டார்கள். 'அல்ஹுர்' என்பார்கள். சுதந்திரமானது, உயர்குலத்தது என்று பொருள். நல்ல குட்டியை விற்பதை விட, மதிப்புக்குரியவருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதே பெருமை.

இந்த மதிப்பு படிக்காத பாலைவன வாசிகளின் வழக்கம் மட்டும்தானோ என்று யாராவது நினைக்கலாம். அப்படி அல்ல. 9 ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ் தமது பிராணிகள் பற்றிய பெருநூலில் நாய்க்காரருக்கும் சேவல்காரருக்கும் இடையில் ஒரு நீண்ட விவாதத்தையே நடத்திக் காட்டுகிறார். எந்தப் பிராணி சிறந்தது என்பதுதான் தலைப்பு. நம் பாடசாலைப் பட்டிமன்றங்களுக்கு எல்லாம் மூத்தது! 921 இல் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னுல் மர்ஸுபான் ஒரு படி மேலே போனார். ஆடை உடுத்திய பலரை விட நாய்கள் மேலானவை என்ற கருத்துப்பட நூலின் தலைப்பையே வைத்துவிட்டார். நண்பர்களின் துரோகத்தைப் பார்த்து மனம் கசந்த மனிதர் எழுதிய புத்தகம் மாதிரித்தான் அது இருக்கிறது. சிலுவைப் போர்க் காலத்தில் ஸிரியாவின் ஷைஸர் கோட்டையில் வளர்ந்த உஸாமா பின் முன்கித் தமது நினைவுகளில் தந்தையாரைப் பற்றிச் சொல்கிறார். அவருக்குப் பிரியமானவை இரண்டு. ஒன்று, குர்ஆனைக் கையால் அழகாகப் பிரதியெடுப்பது. மற்றது, நாய்களோடும் பைரிகளோடும் வேட்டைக்குப் போவது. இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

1895 அளவில் புளோரன்ஸ் அம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி மத்திய கிழக்கில் இருந்து ஸலூகிகளை வரவழைத்து இங்கிலாந்தில் வளர்க்கத் தொடங்கினார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பணிபுரிந்த இராணுவ அதிகாரிகளும் கொண்டுபோனார்கள். 1923 இல் அங்குள்ள கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அந்த ஆரம்பகால நாய்களில் பேரெடுத்த ஒன்று டமஸ்கஸில் பிறந்தது. அதற்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர் 'ஸரோனா கெல்ப்'. எந்தச் சொல்லை அரபி இந்த நாய்க்குச் சொல்லாமல் தவிர்த்தாரோ, அதையே தேடிப் பிடித்துப் பெயராக வைத்துவிட்டார்கள்.

அரேபியாவிலோ அப்போது வேறு ஒன்று நடந்தது. ஜீப் வந்தது, தூரம் சுடும் துப்பாக்கி வந்தது. நாய்க்கும் மானுக்கும் இடையில் இருந்த போட்டியில் மான் தப்புவதற்கு எப்போதும் ஒரு வழி இருந்தது. ஜீப்பிடம் அது இல்லை. மான் கூட்டங்கள் அழிந்தன. அரேபிய ஓரிக்ஸ் எனும் வெள்ளை மான் 1972 இல் இயற்கைச் சூழலில் முற்றாக இல்லாமல் போனது. வளர்ப்பில் எஞ்சியவற்றை வைத்து 1982 இல் ஓமானில் மீண்டும் விடத் தொடங்கினார்கள். வேட்டை தடை செய்யப்பட்டது. அது சரியான முடிவுதான். ஆனால் ஸலூகிக்கு வேலை போய்விட்டது. இன்று வளைகுடாவில் அதற்கு ஓட்டப் போட்டி நடக்கிறது, அழகுப் போட்டியும் நடக்கிறது. நானாவின் முதலாளியின் நாயும் அநேகமாக அப்படி ஓடும் நாயாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு விளக்கம் அவசியம். இதை வாசித்துவிட்டு வீட்டுக்கு வீடு நாய் வளர்க்கச் சொல்கிறார் சேர் என்று யாரும் கதை கட்டிவிடாதீர்கள். வேட்டை, மந்தை, பயிர் ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மை நாளாந்தம் குறையும் என்ற ஹதீஸும் நமக்குத் தெரியும். நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் சமூகம். நாயின் உமிழ்நீர் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணோடு. அதில் எந்த மாற்றமும் இல்லை. இமாம் மாலிக் அவர்கள், அது பிடித்த வேட்டையைச் சாப்பிடலாம் என்றிருக்கும்போது அதன் உமிழ்நீர் எப்படி வெறுக்கத்தக்கதாகும் என்ற கருத்தில் கேட்டதும் நம் மார்க்க நூல்களில் உள்ளதுதான். கழுவச் சொன்னது ஒரு சட்டம். கல்லால் அடி என்பது அந்தச் சட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், எங்கள் மனதில் ஒரு குறை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் நாம் படிப்பித்த பாடசாலை ஒன்றில் சிறிய பையன் ஒருவன், இடைவேளையில் தன் பாணின் ஓரத்தைப் பிய்த்து மதில் ஓரத்தில் நிற்கும் நாய்க்குப் போடுவான். ஒருநாள் பெரிய பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு "நஜீஸ், நஜீஸ்" என்று கத்தினார்கள். நாய்க்குக் கல் எறிந்தார்கள். ஒரு கல் பையனின் நெற்றியில் பட்டது. நாம் காயத்துக்கு மருந்து போட்டோம், கல் எறிந்தவனைக் கண்டித்தோம். ஆனால் அவர்கள் கத்திய சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உண்மையில், நாய்க்குப் பாண் போடாமல் இருந்திருக்கலாமே என்று அந்தச் சின்னவனிடம்தான் சொன்னோம். அவன் அதற்குப் பிறகு போடவில்லை.

போன கிழமை தரம் 9 வகுப்பில் இந்த ஸலூகி கதையைச் சொன்னோம். எல்லாப் பிள்ளைகளும் ஆர்வமாகக் கேட்டார்கள். முடிந்ததும் பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழும்பி, "சேர், அது ஹுர் சாதி. அதனால அரபி உள்ளுக்கு எடுத்தார். நம்மட ரோட்டு நாய்க்கு என்ன?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதிலும் உள்ள பலவீனம் அதுதான். பாலைவனத்திலும் கூடாரத்துக்குள் படுத்தது ஸலூகி மட்டும்தான். மற்ற நாய்கள் வெளியேதான் கிடந்தன, கல்லும் வாங்கின. நாம் அவனிடம் தாகித்த நாயின் ஹதீஸை நினைவுபடுத்தினோம். கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு, அதை வாயால் கவ்வியபடி ஏறிவந்து நாய்க்குக் கொடுத்த மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டது. அந்த நாய் எந்த இனம், யாருடையது, வேட்டை நாயா காவல் நாயா என்று ஒன்றுமே அதில் சொல்லப்படவில்லை. அது தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. மாணவன் சரி என்று உட்கார்ந்தான். எங்களுக்கோ அந்தச் சின்னப் பையனின் நெற்றிதான் நினைவுக்கு வந்தது. அவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். காண நேர்ந்தால் பேச வேண்டிய விடயம் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஃபிக்ஹ் தொடர்பாக நாம் எழுதியதில் பிழை இருந்தால் உலமாக்கள் தயவுசெய்து திருத்துங்கள். வளைகுடாவில் வேலை செய்து இந்த நாயை நேரில் கண்டவர்கள், எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று எழுதுங்கள். கடையில் சிரித்தவர்கள் நானாவுக்கு ஆளுக்கொரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். அன்று நாமும் கொஞ்சம் சிரித்தோம், ஆகவே முதல் பிளேன்டீ எங்கள் கணக்கில்.